காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ரொபேர்ட் கொக்: தோல்வியிலிருந்து பிறந்த தோற் பரிசோதனை

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 24 ஆம் திகதி உலக காசநோய் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. 1882 ஆம் ஆண்டு இதே திகதியில்தான், பேர்லின் நகரில் உடற்றொழிலியற் கழகத்தின் கூட்டமொன்றில், ரொபேர்ட் கொக் என்னும் 38 வயது வைத்தியர் காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டுவிட்டதாக அறிவித்தார். அக்காலத்தில் உலகில் மரணிப்போரில் ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயாலேயே மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது.

அந்த அறிவிப்பை மருத்துவ உலகம் இன்றும் நினைவுகூருகின்றது. ஆனால் அதே மனிதர் எட்டு ஆண்டுகளின் பின்னர் இழைத்த பெருந்தவறும், அத்தவறின் எச்சமாகவே நமது முன்கையில் இடப்படும் சிறு ஊசி நமக்குக் கிடைத்தது என்பதும் பலர் அறியாதவை. கொக்கின் வாழ்க்கையை அதன் வெற்றியோடும் வீழ்ச்சியோடும் சேர்த்து நோக்குவது இன்றைக்கும் பயன்தரத்தக்கது.

சுரங்க நகரில் பிறந்தவர்

கொக் 1843 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் திகதி ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியிலுள்ள கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். தந்தையார் சுரங்க நிர்வாகத்தில் உத்தியோகத்தர். பதின்மூன்று பிள்ளைகளைக் கொண்ட பெரிய குடும்பம் அது. கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்ணிய பொருள்களால் பரவக்கூடும் என நெடுங்காலத்துக்கு முன்பே எழுதியவரான யாக்கோப் ஹென்லே அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

1872 ஆம் ஆண்டு, இன்று போலந்து நாட்டிலுள்ள வொல்ஸ்டைன் என்ற சிறு நகருக்கு அரச வைத்திய அதிகாரியாக அனுப்பப்பட்டார். ஆய்வுகூடமோ நூலகமோ அங்கு இருக்கவில்லை. நோயாளரைப் பார்வையிடும் அறையில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதன் மறுபுறத்தைத் தமது ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். மனைவி எமி அன்பளிப்புச் செய்ததாகச் சொல்லப்படும் நுணுக்குக்காட்டியே அவரது முதற் கருவி. கால்நடைகளைக் கொன்றுகொண்டிருந்த அடைப்பான் நோயின் கிருமியை அங்கிருந்தே ஆராய்ந்து, அதன் முழு வாழ்க்கை வட்டத்தையும் 1876 ஆம் ஆண்டு நிறுவிக் காட்டினார். நாட்டுப்புற வைத்தியர் ஒருவரின் இந்தச் சாதனை பேராசிரியர்களை வியக்க வைத்தது. 1880 ஆம் ஆண்டு பேர்லினிலுள்ள பேரரசின் சுகாதாரப் பணிமனைக்கு அவர் அழைக்கப்பட்டார்.

மறைந்திருந்த கிருமி

காசநோய் மிகப் பழையது. ஆயுர்வேத நூல்கள் இதனை இராஜயக்ஷ்மா, அதாவது நோய்களுக்கெல்லாம் அரசன் எனப் பெயரிட்டு விரிவாக வர்ணித்துள்ளன. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இஸ்லாமிய மருத்துவ மேதை இப்னு சீனா, தமது புகழ்பெற்ற மருத்துவப் பெருநூலில் இதனைத் தொற்றும் நோய்களுள் ஒன்றாகக் குறித்திருந்தார். 1865 ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் வில்லமன், நோயுற்ற மனிதரின் இழையத்தை முயல்களுக்கு ஏற்றி அவற்றுக்கும் நோய் வருவதைக் காட்டினார். ஆயினும், இது பரம்பரையாக வரும் உடற்குறை என்றே ஐரோப்பிய வைத்தியர் பலரும் நம்பியிருந்தனர். காரணியை எவரும் கண்ணால் காணாமையே அதற்குக் காரணம்.

இக்கிருமியின் சுவர் மெழுகுத் தன்மையுடையது. சாதாரண சாயங்கள் அதில் எளிதில் ஏறமாட்டா. கொக் மெதிலீன் நீலச் சாயத்தைக் காரத்துடன் கலந்து, நீண்ட நேரம் ஊறவிட்டு, பின்னர் கபில நிறச் சாயமொன்றையும் பயன்படுத்தினார். கபில நிறப் பின்னணியில் நீல நிறமான மெல்லிய கோல்கள் தென்பட்டன. அடுத்து, அவற்றை உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டியிருந்தது. உறைய வைத்த இரத்த நிணநீரின் மீது அவற்றை இட்டு இரண்டு வாரங்கள் வரை பொறுமையுடன் காத்திருந்தார். ஏனைய கிருமிகள் ஓரிரு நாட்களில் வளரும். வேறெவரும் தோல்வியென எண்ணிக் குழாய்களை வீசியிருக்கக்கூடிய வேளையில் அவர் காத்திருந்தார் என்பதே இங்கு முக்கியமானது. அவ்வாறு வளர்த்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது, அவை யாவும் காசநோயுற்றன.

மார்ச் 24 ஆம் திகதி கூட்டத்தில் அவர் தமது நுணுக்குக்காட்டிகளையும் வளர்ப்புக் குழாய்களையும் மேசைகளில் அடுக்கி வைத்தே உரையாற்றினார். உரை முடிந்ததும் மண்டபம் மௌனமாயிற்று. எதிர்த்துக் கேட்க எவரிடமும் எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் எகிப்துக்கும் பின்னர் கல்கத்தாவுக்கும் சென்று, வாந்திபேதிக் கிருமியையும் இனங்கண்டார்.

அவசரத்தின் விலை

கிருமியைக் கண்டவரிடம் உலகம் மருந்தையும் எதிர்பார்த்தது. 1890 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்லினில் பத்தாவது சர்வதேச மருத்துவ மாநாடு நடைபெற்றது. காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைத் தாம் கண்டுள்ளதாகவும், கினிப்பன்றிகளில் அது பயன் தந்ததாகவும் கொக் அங்கு அறிவித்தார். நவம்பர் மாதம் மனிதரில் அதனைப் பயன்படுத்தியமை பற்றியும் எழுதினார். ஆனால் அப்பொருள் எதனாலானது என்பதை அவர் வெளியிடவில்லை.

செய்தி உலகெங்கும் பரவியது. நோயாளர்கள் பேர்லினை நோக்கித் திரண்டனர். எழுந்து நடக்கவும் இயலாதவர்கள் புகையிரதங்களில் வந்திறங்கினர். பேரரசர் உயர் விருது வழங்கினார். பேர்லின் நகரம் அவரைக் கௌரவப் பிரஜையாக்கியது. அப்பொருளின் உற்பத்தி மூலம் பெரும் வருமானத்தை எதிர்பார்த்து அவர் அரசுடன் பேச்சு நடத்தியிருந்தார் என்பதைப் பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டினர். அவ்வேளை பேர்லினுக்கு வந்திருந்த ஆங்கில வைத்தியரும் எழுத்தாளருமான ஆர்தர் கொனன் டொயில், இம்மருந்தைக் குறித்து எச்சரிக்கையுடன் எழுதியவர்களுள் ஒருவர்.

நோயாளர்கள் குணமடையவில்லை. ஊசி ஏற்றப்பட்ட சிலருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது, சிலர் இறந்தனர். 1891 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நோயியல் அறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ, அவ்வாறு இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, நோய் அடங்குவதற்குப் பதிலாகப் புதிய இடங்களுக்குப் பரவியிருந்தமையை எடுத்துக்காட்டினார். அதே மாதத்தில்தான் மருந்தின் இரகசியமும் வெளியாயிற்று. காசநோய்க் கிருமிகளின் வளர்ப்பிலிருந்து கிளிசரின் கொண்டு பிரித்தெடுக்கப்பட்ட சாறே அது. பின்னர் டியூபர்குலின் எனப் பெயர்பெற்றதும் அதுவே. கொக்கின் புகழ் சரிந்தது. கண்டனங்கள் வலுத்த வேளையில் அவர் எகிப்துக்குப் பயணமானார்.

தவறினுள் மறைந்திருந்த உண்மை

எனினும், கொக்கின் 1890 ஆம் ஆண்டுக் குறிப்புகளிலேயே ஓர் அரிய அவதானிப்பு இருந்தது. அவர் இப்பொருளைத் தமது கையிலேயே ஏற்றிப் பார்த்திருந்தார். சில மணி நேரத்தில் உடல் நோவும் மூச்சுத் திணறலும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. ஆனால் மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது, காசநோயற்றவர்களின் உடல் பெரும்பாலும் அசையாதிருந்தது. நோயுற்றவர்களின் உடலோ கடுமையாக எதிர்வினை காட்டியது. அது நோயைக் குணப்படுத்தாவிட்டாலும், நோயைக் காட்டிக்கொடுத்தது.

இந்த உண்மையை முதலில் பயன்படுத்தியவர்கள் மிருக வைத்தியர்கள். மாட்டு மந்தைகளில் நோயுற்றவற்றைப் பிரித்தறிய டியூபர்குலின் உதவியது. 1907 ஆம் ஆண்டு வியன்னாவைச் சேர்ந்த குழந்தை நல வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே, தோலைச் சிறிது கீறி அதில் ஒரு துளியை இட்டுப் பார்த்தார். ஒவ்வாமையைக் குறிக்கும் அலர்ஜி என்ற சொல்லை அதற்கு முந்திய ஆண்டில் உருவாக்கியவரும் அவரே. 1908 ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு வைத்தியர் சார்ள்ஸ் மான்டூ, தோலின் படைகளுக்கு இடையே நுண்ணிய ஊசியால் ஏற்றும் முறையை அறிமுகப்படுத்தினார். இன்றும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இப்பரிசோதனையில் முன்கையின் தோலினுள் 0.1 மில்லிலீற்றர் அளவு ஏற்றப்படும். 48 முதல் 72 மணித்தியாலங்களின் பின்னர் அவ்விடம் பார்வையிடப்படும். சிவந்த பரப்பு அன்றி, தடித்துக் கடினமான பகுதியே மில்லிமீற்றரில் அளக்கப்படும். உடலின் நிர்ப்பீடனக் கலங்கள் இக்கிருமியை முன்னரே சந்தித்திருந்தால், அவை அவ்விடத்தில் திரண்டு தடிப்பை உண்டாக்கும்.

தடிப்பு ஏற்பட்டால் கிருமி உடலினுட் புகுந்துள்ளது என்பதே பொருள். நோய் உள்ளது என்பது பொருளன்று. உலக மக்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் இக்கிருமியின் தொற்றுக்கு உட்பட்டவர்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் வாழ்நாளில் நோயுறுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையிலேயே. பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவர்களுக்கும் தடிப்பு ஏற்படலாம். நிர்ப்பீடனம் மிகத் தளர்ந்தவர்களுக்கு நோய் இருந்தும் தடிப்பு ஏற்படாது போகலாம். இதனாற்றான் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியமாகின்றன. இலங்கையில் பி.சி.ஜி. தடுப்பூசி 1949 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருவதால், இவ்வேறுபாட்டை நாம் அறிந்திருத்தல் நன்று.

நமது வைத்திய மரபுக்கும் ஒரு பாடம்

நமது நாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றும் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டவை. இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்காத கிராமம் குறைவு. அம்மூலிகையிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியொற்றியே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மேலைத்தேய மருந்து ஆக்கப்பட்டது. நம் முன்னோரின் அவதானிப்பு வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு இது சான்று. நோயாளிக்கு நல்லுணவும் ஓய்வும் தூய காற்றும் வேண்டும் என அம்மரபுகள் வற்புறுத்தியதும் பொருத்தமானதே.

ஆனால் சளியை இளக்குவது வேறு, கிருமியை அழிப்பது வேறு. காசநோய்க் கிருமியை அழிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பல மாதங்கள் தவறாது உட்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலுக்குக் கஷாயத்தோடு மட்டும் நின்றுவிட்டால், அந்த இடைவெளியில் நோய் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவும். நோபல் பரிசு பெற்ற மேதையின் மருந்தே சோதனையில் தோற்றது என்றால், எந்த மரபின் மருந்தும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று.

இறுதிக் காலம்

கொக் மேலும் தவறினார். மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெருந்தீங்கு தராது என 1901 ஆம் ஆண்டு இலண்டனில் வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதனை மறுத்தன. பாலைக் காய்ச்சி அருந்தும் நமது வழக்கமே சரியென்றாயிற்று. 1906 ஆம் ஆண்டு கிழக்கு ஆபிரிக்காவில் உறக்க நோய்க்கு அவர் அளித்த ஆர்செனிக் கலந்த மருந்தினால் நோயாளர் சிலர் பார்வையிழந்தனர். குடியேற்ற ஆட்சியின் நிழலில், மறுக்க வழியற்ற மக்களிடம் இச்சோதனை நடந்தது என்பதை மறைத்து அவரது வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

காசநோய் ஆய்வுக்காக 1905 ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1910 ஆம் ஆண்டு மே 27 ஆம் திகதி பாடன்-பாடன் நகரில் இருதய நோயால் காலமானார். அவரது சாம்பல், பேர்லினில் அவர் பெயரைத் தாங்கிய நிறுவகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அவர் தேடிய மருந்து 1943 ஆம் ஆண்டு ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட போதுதான் உலகுக்குக் கிட்டியது.

ஆயினும் 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நோயால் 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் உலகில் மரணித்தனர். கிருமி தெரிந்திருந்தும், மருந்து கையிலிருந்தும் இம்மரணங்கள் நிகழ்கின்றன. வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் ஒரு காரணம். நோயை மறைக்கும் மனப்பான்மை மற்றொரு காரணம். மகளின் திருமணம் தடைப்படும், தொழில் போய்விடும் என்ற அச்சத்தால் பரிசோதனைக்கே செல்லாத குடும்பங்கள் நம்மத்தியில் இன்றும் உண்டு. இது குலத்தின் குறையன்று, ஒரு கிருமியின் வேலை என்பதைத்தான் 1882 ஆம் ஆண்டு கொக் நிறுவினார். அந்த உண்மையை நமது வீடுகள் முழுமையாக ஏற்றுக்கொள்ளும் நாளே அவரது கண்டுபிடிப்பு நிறைவுபெறும் நாளாகும்.