முதலில் எது?

புது வருஷம் பிறந்தால் புது நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு, இந்த வருஷம் செய்ய வேண்டிய காரியங்களை வரிசையாக எழுதிவைப்பவர்கள் பலர். எழுதுவது சுலபம். அவற்றுள் முதலில் எது என்று தீர்மானிப்பதுதான் சிரமம்.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையருக்கு அந்தக் கேள்வி இருபத்தைந்தாம் வயதில் எழுந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகியிருந்தார். அதே வருஷம் அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். ஐயர் அந்த நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

வேறொருவராயிருந்தால் கோபம் வந்திருக்கும். ஐயர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது சமண காவியம். சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. சமணர் என்றதும் எங்கோ வடக்கே இருப்பவர்கள் என்று எண்ண வேண்டாம். ஆரணி, வந்தவாசி, தேசூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி வாழும் சமணர்கள் உண்டு. கும்பகோணத்திலும் இருந்தார்கள். சைவ மடத்தில் பயின்ற அந்தப் பண்டிதர், சமணர் வீட்டுத் திண்ணையில் மாணாக்கராக உட்கார்ந்தார்.

அன்று முதல் அவருடைய நாட்களுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. கல்லூரி நாட்களில் பாடம் சொல்வார். மற்ற வேளைகளில் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பார். விடுமுறை வந்தால் ஏடு தேடி ஊர் ஊராகப் போவார்; அல்லது சென்னையில் அச்சுப் பிரதிகளைத் திருத்துவார். அருஞ்சொற்களுக்கும், உரையில் வரும் மேற்கோள்களுக்கும் தனித்தனியே அகராதி எழுதிவைத்துக்கொள்வார். ஒரு நூலுக்காக எழுதிய குறிப்பு அடுத்த நூலுக்கு வழி காட்டியது. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

ஏன் இத்தனை அவசரம்? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் குவிந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அவை அங்கே இல்லை. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்ய வேண்டும் என்று ஆகமம் சொல்வதாக நம்பி, முறைப்படி அக்கினியில் இட்டுவிட்டார்கள்! செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். புண்ணியம் என்றே செய்தார்கள். அவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தனவோ, யார் கண்டார்கள்? கரையானும் நெருப்பும் யாருடைய சௌகரியத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

காத்திருந்தது வேறொன்று. 1876-இல் ஆசிரியர் காலமானபோது ஐயர் அருகிலேயே இருந்தார். அவருடைய சரித்திரத்தை எழுதவேண்டும் என்ற ஆசை நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. ஆனால் ஏட்டில் இருப்பது இன்றோ நாளையோ பொடியாகிவிடும். நெஞ்சில் இருப்பது தாம் இருக்கும்வரை இருக்கும். பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற்பாகம் 1933-இல்தான் வந்தது. ஐம்பத்தேழு வருஷங்கள்! அதற்குள் பிள்ளையவர்களை நேரில் அறிந்தவர்களில் எத்தனையோ பேர் மறைந்துவிட்டார்கள். அந்த நஷ்டமும் நஷ்டந்தான்.

1937-இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையை வெளியிட்டார். தம்முடைய சொந்தக் கதையைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியது. 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் காலமானார். கதை, மணிமேகலை வெளியான காலத்தை ஒட்டி, 122-ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது.