நீலக் குழந்தைகளைக் காத்த டாக்டர் அம்மாள்

குழந்தைகள் என்றால் ஓடுவார்கள், ஆடுவார்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார்கள்.

ஆனால், சில குழந்தைகளால் நாலு அடி நடக்க முடியாது. நடந்தால் மூச்சு வாங்கும். உதடு நீலமாகிவிடும். விரல் நுனியும் நீலமாகிவிடும். உடனே தரையில் குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். மூச்சு கொஞ்சம் சீரானதும் எழுந்து, மறுபடி நாலு அடி நடப்பார்கள்.

இவர்களுக்கு, "நீலக் குழந்தைகள்" என்று பெயர். பிறக்கும்போதே இவர்களுடைய இருதயத்தில் கோளாறு.

1944-ம் ஆண்டு வரை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வைத்தியம் கிடையாது. பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். பல குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூட எட்டவில்லை.

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண். அவர் பெயர் ஹெலன் டாசிக். அமெரிக்க நாட்டு டாக்டர்.

சிறு வயதில் அவருக்குப் படிப்பு வரவில்லை. டாக்டரான பிறகு காது கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்தான், குழந்தைகளின் இருதய நோயைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னார்!

எழுத்து குழம்பியது

ஹெலன், 1898-ம் ஆண்டு மே மாதம் 24-ந்தேதி பிறந்தார். ஊர், பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கேம்பிரிட்ஜ். நான்கு குழந்தைகளில் இவரே கடைசி.

தந்தை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். பெரிய படிப்பாளி. ஆனால், மகளுக்குப் புத்தகத்தைக் கண்டாலே பயம். எழுத்துக்கள் முன்னும் பின்னுமாகக் குழம்பும். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

இது சோம்பேறித்தனம் அல்ல. புத்திக் குறைவும் அல்ல. எழுத்தைப் படிப்பதில் ஏற்படும் ஒரு தடங்கல். இப்போது இதற்குத் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர்களுக்கே இது புரியவில்லை.

ஹெலனுக்கு 11 வயதானபோது, தாயார் காசநோயால் இறந்தார். அந்த நோய் ஹெலனையும் தொட்டது. அதனால் சில ஆண்டுகள் அரைநாள்தான் பள்ளிக்கூடம்.

தந்தை மனம் தளரவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஹெலன், எதையும் நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார். விட்டுவிடாமல் பார்க்கும் அந்தப் பழக்கம், பிறகு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்க உதவியது.

அடைத்த கதவு

1921-ம் ஆண்டு, கலிபோர்னியாவில் பட்டம் பெற்றார். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார்.

தந்தை வேலை பார்த்த ஹார்வர்டில் பெரிய மருத்துவக் கல்லூரி இருந்தது. ஆனால், அங்கே பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். பொதுச் சுகாதாரப் படிப்புக்கு வரலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடைக்காது என்றார்கள். பட்டம் தராத படிப்பில் யார் சேருவார்கள்?

எப்படியோ சில பாடங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அங்கும் ஒரு நிபந்தனை. ஆண் மாணவர்களை விட்டு விலகி, மூலையில் தனியாக உட்கார வேண்டும்!

பிறகு, பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உடற்கூறு கற்பித்த பேராசிரியர், அவர் கையில் ஒரு மாட்டின் இருதயத்தைக் கொடுத்து, ஆராயும்படி சொன்னார். ஹெலன் அந்தத் தசை துடிக்கும் விதத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அன்று கையில் எடுத்த இருதயத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது தொடக்கத்தில் இருந்தே பெண்களையும் சேர்த்துவந்தது. அங்கே படித்து 1927-ம் ஆண்டு ஹெலன் டாக்டரானார்.

பெரியவர்களுக்கான மருத்துவத்தில் பயிற்சி பெறத்தான் அவர் விரும்பினார். அந்த இடம் கிடைக்கவில்லை. குழந்தைகள் பக்கம் திரும்பினார். 1930-ம் ஆண்டு, அங்கிருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவுக்குத் தலைவரானார்.

விரல்களே காது

இந்த நேரத்தில்தான் பேரிடி விழுந்தது.

முப்பது வயதைத் தாண்டியதும், அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. இருதய டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப்தான் ஆயுதம். அதில் வரும் சத்தமே கேட்காவிட்டால், என்ன செய்வது?

டாசிக் வேலையை விட்டு ஓடவில்லை. பேசுகிறவர்களின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். காதுக் கருவி வைத்துக்கொண்டார். சத்தத்தைப் பெருக்கும் ஸ்டெதாஸ்கோப்பையும் உபயோகித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையைப் பழக்கினார். குழந்தையின் மார்பில் விரல்களை வைப்பார். இருதயம் எப்படித் துடிக்கிறது, எங்கே அதிர்கிறது என்று தொட்டே கண்டுபிடிப்பார்.

எக்ஸ்ரே திரையின் முன்னே குழந்தையை நிறுத்துவார். முன்பக்கம் பார்ப்பார், பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பார். இருதயத்தின் எந்த அறை பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று குறித்து வைப்பார்.

குழந்தை இறந்துபோனால், பரிசோதனை அறையில் அதன் இருதயத்தைப் பார்ப்பார். உயிரோடு இருந்தபோது எழுதிய குறிப்பை எடுத்து, ஒத்துப்பார்ப்பார். தாம் நினைத்தது சரியா, தவறா என்று சோதிப்பார்.

இப்படி ஒரு குழந்தை, இரண்டு குழந்தை அல்ல. பல ஆண்டுகள், ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தார்.

ஏன் நீலம்?

நம் இருதயத்தில் நான்கு அறைகள். வலது பக்கம், கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே ரத்தம் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு நல்ல சிவப்பாகும். பிறகு இடது பக்கம் வந்து, உடம்பெங்கும் ஓடும்.

நீலக் குழந்தைகள் பலருக்கு, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். இருதயத்தின் நடுச்சுவரில் ஓட்டையும் இருக்கும். கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போக முடியாமல், ஓட்டை வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். அதனால்தான் உதடு நீலமாகிறது. இந்தக் கோளாறை 1888-ம் ஆண்டிலேயே பாலோ என்ற பிரெஞ்சு டாக்டர் விளக்கமாக எழுதியிருந்தார். வைத்தியம்தான் தெரியவில்லை.

இருதயம் களைத்துப்போவதால் இந்தக் குழந்தைகள் சாகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். டாசிக்கின் குறிப்புகள் வேறு கதை சொல்லின.

தாயின் வயிற்றில் இருக்கும்போது, எல்லாக் குழந்தைக்கும் இருதயத்தை ஒட்டி ஒரு சிறு குழாய் உண்டு. உடம்புக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயையும், நுரையீரலுக்குப் போகும் குழாயையும் அது இணைக்கும். பிறந்த சில நாட்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

சில நீலக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் மூடவில்லை. அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். குழாய் மூடியதும் நிலைமை மோசமானது!

டாசிக்குப் புரிந்துவிட்டது. இருதயம் களைக்கவில்லை; நுரையீரலுக்கு ரத்தம் போதவில்லை. மூடாத குழாய், பக்க வாய்க்கால் போல ரத்தத்தைக் கொண்டு சேர்க்கிறது. அப்படியானால், மூடிய குழாய்க்குப் பதில் புதுக் குழாய் ஒன்றை டாக்டர்களே வைத்தால் என்ன?

மறுத்தவரும் ஏற்றவரும்

பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர் இருந்தார். மூடாமல் தொல்லை கொடுத்த அந்தக் குழாயை, 1938-ம் ஆண்டு, ஒரு சிறுமிக்கு ஆபரேஷன் செய்து கட்டிவிட்டார். குழாயை மூடத் தெரிந்தவருக்கு, புதிதாக ஒன்றை வைக்கவும் தெரியும் அல்லவா? டாசிக் அவரிடம் போய்த் தம் யோசனையைச் சொன்னார். கிராசுக்கு அதில் நாட்டம் இல்லை. டாசிக் திரும்பி வந்தார்.

1941-ம் ஆண்டு, ஆல்பிரட் பிளேலாக் என்ற ஆபரேஷன் டாக்டர், ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு வந்து சேர்ந்தார். டாசிக் அவரிடம் பேசினார். அவர் ஏற்றுக்கொண்டார்.

பிளேலாக்குடன் இன்னொருவரும் வந்திருந்தார். அவர் விவியன் தாமஸ் என்ற நீக்ரோ உதவியாளர். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்கப் பணம் சேர்த்துவைத்திருந்தார். பாங்கி முறிந்ததால் அந்தப் பணம் போய்விட்டது, படிப்பும் போயிற்று. ஆனால், அவர் கைத்திறமைக்கு ஈடு கிடையாது.

தாமஸ் நாய்களை வைத்துப் பரிசோதனை செய்தார். மெல்லிய ரத்தக் குழாய்களை எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது என்று மறுபடியும் மறுபடியும் செய்துபார்த்தார். குழந்தையின் குழாய்க்குத் தக்கபடி, ஊசிகளையும் அவரே சிறிதாக்கினார்.

அந்த ஆபரேஷன்

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந்தேதி.

பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றை, ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்தார்கள். எடை, சுமார் நான்கு கிலோதான். உடம்பெல்லாம் நீலம். மயக்க மருந்து கொடுத்தாலே உயிர் தங்குமா என்பது சந்தேகம்.

பிளேலாக் கத்தியை எடுத்தார். அவர் தோளுக்குப் பின்னால், ஒரு முக்காலியின்மீது தாமஸ் நின்றார். ஒவ்வொரு தையலும் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாசிக் குழந்தையின் முகத்தைக் கவனித்தபடி நின்றார்.

கைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றை வெட்டி, அதன் நுனியை நுரையீரலுக்குப் போகும் குழாயில் சேர்த்துத் தைத்தார்கள். கைக்கு வேறு சிறு குழாய்கள் வழியாக ரத்தம் கிடைத்துவிடும். நுரையீரலுக்கோ, புது வாய்க்கால் திறந்துவிட்டது!

குழந்தை பிழைத்தது. வீட்டுக்கும் போனது. ஆனால், சில மாதங்களில் நோய் திரும்பியது. பிறகு அது இறந்துவிட்டது.

அவர்கள் நின்றுவிடவில்லை. 1945-ம் ஆண்டு பிப்ரவரியில் மேலும் இரண்டு ஆபரேஷன்கள் செய்தார்கள். மூன்றாவது நோயாளி, ஆறு வயதுச் சிறுவன். குழாயை இணைத்துக் கட்டை அவிழ்த்ததும், கண்ணெதிரே அவன் உதடு நல்ல சிவப்பாக மாறியது. பார்த்தவர்கள் பூரித்துப்போனார்கள்.

அந்த ஆண்டே செய்தி உலகெங்கும் பரவியது. பல நாடுகளில் இருந்து, பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில், ஆயிரத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள் நடந்தன. 1947-ம் ஆண்டு பிளேலாக்கும் டாசிக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய், இந்த முறையை விளக்கினார்கள். பிறவி இருதயக் கோளாறுகளைப் பற்றி டாசிக் எழுதிய பெரிய நூலும் அந்த ஆண்டுதான் வெளிவந்தது.

ஆபரேஷனுக்குப் பிளேலாக், டாசிக் இருவர் பெயரையும் வைத்தார்கள். தாமஸ் பெயர் விடுபட்டது. அவர் தோல் கறுப்பு. கையில் பட்டமும் இல்லை. 1976-ம் ஆண்டுதான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இப்போது டாக்டர்கள் பலர், மூவர் பெயரையும் சேர்த்தே அந்த ஆபரேஷனைக் குறிப்பிடுகிறார்கள்.

இன்னொரு ஆபத்து

1962-ம் ஆண்டு தொடக்கத்தில், டாசிக்கிடம் படித்த ஒரு ஜெர்மன் டாக்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஜெர்மனியில் கை, கால் வளராத குழந்தைகள் நிறையப் பிறக்கின்றன. "தாலிடோமைடு" என்ற தூக்க மருந்துமீது சந்தேகம் என்றார்.

அப்போது டாசிக்குக் கிட்டத்தட்ட 64 வயது. உடனே ஜெர்மனிக்குப் புறப்பட்டார். குழந்தைகளைப் பார்த்தார். டாக்டர்களை விசாரித்தார். கர்ப்பிணிகள் சாப்பிட்ட அந்த மருந்துதான் காரணம் என்று உறுதி செய்துகொண்டார்.

அமெரிக்காவில் அந்த மருந்தை விற்க அனுமதி கேட்டிருந்தார்கள். சர்க்கார் அதிகாரியான டாக்டர் பிரான்சஸ் கெல்சி, அனுமதி தராமல் நிறுத்திவைத்திருந்தார். டாசிக் ஊர் திரும்பி, டாக்டர்கள் கூட்டங்களில் பேசினார். பார்லிமெண்டுக் கமிட்டியிலும் சாட்சி சொன்னார். மருந்துகளை நன்றாகச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று அந்த ஆண்டே கடுமையான சட்டம் வந்தது.

வளர்ந்த பிள்ளைகள்

டாசிக் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் வந்த குழந்தைகளே அவருக்குப் பிள்ளைகள்.

ஆபரேஷன் முடிந்ததும் அவர் யாரையும் மறந்துவிடவில்லை. அவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். அவர்கள் உடல்நிலையை டாசிக் விடாமல் விசாரித்துக் குறித்தார். குழந்தையாக இருந்தபோது செய்த வைத்தியம், பெரியவரான பிறகு எப்படிப் பலன் தருகிறது என்று எழுதினார். 1963-ம் ஆண்டு ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலை தொடர்ந்தது.

1964-ம் ஆண்டு ஜனாதிபதி ஜான்சன், நாட்டின் உயர்ந்த விருது ஒன்றை அவருக்கு அளித்தார். 1965-ம் ஆண்டு அமெரிக்க இருதயச் சங்கத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

முதுமையிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. பறவைகளின் இருதயத்தில் பிறவிக் கோளாறு எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

1986-ம் ஆண்டு மே மாதம் 20-ந்தேதி, தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காக நண்பர்களைக் காரில் அழைத்துச் சென்றார். கார் விபத்துக்குள்ளாகி இறந்தார். இன்னும் நான்கு நாள் இருந்திருந்தால், அவருக்கு 88 வயது நிறைந்திருக்கும்.

இப்போது, இருதயத்தைத் திறந்து ஓட்டையையே அடைத்துவிடுகிறார்கள். வழியையும் அகலமாக்குகிறார்கள். அந்த ஆபரேஷனைத் தாங்க முடியாத சில சின்னக் குழந்தைகளுக்கு, பக்க வாய்க்கால் முறை இன்னமும் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் பிறவி இருதயக் கோளாறு உள்ளவர்களில், குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம். நாலு அடி நடக்க முடியாத குழந்தைகள் வளர்ந்து, தாயும் தந்தையுமாகி வாழ்கிறார்கள்.

காது கேட்காத ஒருவர், அவர்களுடைய இருதயத் துடிப்பை விரலால் தொட்டுப் புரிந்துகொண்டார். அதனால் வந்த வாழ்வு அது.