பிறர் நோய் தீர்க்கப் பிறந்த பெருமாட்டி: தாதி அகெனெஹி ஹெய்



நோயுற்றால் நம்மைப் பேணுவோர் தாதியர். அத்தாதியர் நோயுற்றால் அவரைப் பேணுவோர் யாவர்? நாம் வாழும் இந்நியூசிலாந்து மண்ணில் தோன்றிய மாவோரிப் பெண்மணி ஒருவரின் வரலாறு இவ்வினாவை நம் முன் வைக்கின்றது.

வடதீவின் கிழக்குக் கரையிலுள்ள தெ காஹா என்னும் ஊரில், 1870களின் பிற்பகுதியில் பிறந்தவர் அகெனெஹி ஹெய். நேப்பியர் நகரிலுள்ள புனித சூசையப்பர் மாவோரி மகளிர் பாடசாலையில் கல்வி கற்றார். பின்னர் மாவோரிப் பெண்களைத் தாதியராக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் நேப்பியர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். தாதியரைப் பதிவு செய்வதற்கெனத் தனிச் சட்டத்தை 1901ஆம் ஆண்டில் உலகில் முதன்முதலாக இயற்றிய நாடு நியூசிலாந்து ஆகும். அச்சட்டத்தின்படி தேர்வெழுதி, 1908ஆம் ஆண்டில் அம்மையார் பதிவுபெற்ற தாதியானார். அதே ஆண்டில் மகப்பேற்றுத் தாதியாகவும் தகுதி பெற்றார்.

அக்காலத்தில் மாவோரிச் சிற்றூர்களில் நெருப்புக்காய்ச்சல் அடிக்கடி பரவிற்று. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் கொடிய நோய் அது. அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று நோயாளரைப் பேணினார். தூய்மையின் இன்றியமையாமையைக் கற்பித்தார். தம் மக்களின் மொழியிலேயே பேசியமையாலும், அவர்தம் வழக்கங்களை மதித்தமையாலும் அவர் சொல்லை மக்கள் ஏற்றனர். தாய்மொழியின் அருமையை நாம் இதிலும் காண்கின்றோம்.

ஆயினும் அவர் சுமந்த பாரம் பெரிது. ஊர்களோ பல; அவரைப் போன்ற தாதியரோ மிகச் சிலர். 1910ஆம் ஆண்டில் நெருப்புக்காய்ச்சலுற்ற தம் குடும்பத்தாரைப் பேணுகையில் அந்நோய் அவரையும் பற்றியது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், கிஸ்போர்ன் நகரில், முப்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில் அவர் உயிர் நீத்தார். தாதியாகப் பதிவு பெற்று இரண்டரை ஆண்டுகளும் நிறையவில்லை. மறு ஆண்டில் அரசின் சுகாதாரத் திணைக்களம் மாவோரி மக்களுக்கான தாதியர் சேவையை விரிவாக்கியது.

அவர்தம் தியாகத்தைப் போற்றுகின்றோம். எனினும், தியாகத்தைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? தொண்டு செய்வோர் தம்மையே இழக்க நேராதவாறு காப்பதும் சமுதாயத்தின் கடனன்றோ? துணைக்கு ஆட்கள், ஓய்வு, தொற்றினின்று பாதுகாப்பு ஆகியன அவர்க்கு நாம் காட்டும் சலுகைகளல்ல, அவர்தம் உரிமைகள். 2020இல் கொரோனா பரவியபோது உலகமே இவ்வுண்மையை மீண்டும் உணர்ந்தது.

இன்று ஒக்லாந்தின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தமிழரும் பணிபுரிகின்றனர். இரவுப் பணி முடித்து வரும் அன்னை பகலில் உறங்குகையில், பிள்ளைகளே, வீட்டில் அமைதி காப்பீராக. பெற்றோர்களே, அத்தகைய அயலார் வீட்டிற்கு ஒரு வேளை உணவு கொடுத்துதவுவீர். அவர்தம் பிள்ளைகளையும் பாடசாலைக்கு உடனழைத்து வருவீர். பிறரைப் பேணுவோரைப் பேணுவதே அகெனெஹி அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.