கல்லூரி விடுதியிலிருந்து சேரிக்குப் போனவர்

கல்லூரி மாணவர்களிடையே கிறித்தவ ஊழியம் என்றதும் நம் ஊர்ப் பக்கத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது மாலை நேர ஜெபக் கூட்டம், கிட்டார், விடுமுறை முகாம். அந்த ஊழியத்துக்கு நம் நாட்டில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. அதன் தொடக்க காலத்தில் முன்னணியில் நின்ற தமிழர்களில் ஒருவர் நம் திருச்செந்தூர் வட்டாரத்துக்காரர். வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பாடப் புத்தகமும் ஆலய விழா மலரும் அவரைப் பற்றிச் சொல்கின்றன. அவர் பேராயராக யாரிடையே வாழ்ந்தார் என்பதை அதே அளவுக்கு நாம் பேசுவதில்லை. தலித் மக்களுக்கான இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுத அதுவே காரணம்.

அசரியா தலித் அல்லர். நாடார் சமூகத்தில் பிறந்தவர். ஆனால் அவர் பிறந்த காலத்தில் அச்சமூகம் இருந்த நிலையை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல கோயில்களுக்குள் அவர்கள் நுழைய முடியாது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மீது வழக்கு நடந்தது. 1899-இல் சிவகாசியில் கலவரம் வெடித்தது. திருவிதாங்கூரில் அச்சமூகப் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பனையும் தேரிமணலும் சூழ்ந்த அந்தக் கிராமங்களில் மிஷன் பள்ளிக்கூடமும் ஆலயமும் தலைநிமிர்வதற்கான வழியாக இருந்தன. அசரியாவின் தந்தை தாமஸ் வேதநாயகம் இந்து சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்து, கிராமத்துப் போதகரானவர். அசரியா இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் கண்டிப்பில் வளர்ந்து மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்தார். பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். மாணவராக இருந்தபோதே கிறித்தவர்களுக்குள் நிலவிய சாதி வேற்றுமைக்கு எதிராகச் சங்கம் அமைப்பதில் பங்கெடுத்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் அவர் படித்தது கணிதம். பட்டம் பெறாமலேயே வெளியே வந்தார். 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். சென்னையில் அந்தச் சங்கம் வேரூன்றி அப்போது ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. அதே 1895-இல் சுவீடன் நாட்டில் ஜான் மோட் முதலியோர் கூடி உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பைத் தொடங்கினர். பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டும் ஓர் அலை உலகம் முழுவதும் எழுந்த காலம் அது. அந்த அலையில் அமெரிக்காவிலிருந்து 1896-இல் இந்தியாவுக்கு வந்தவர் ஷெர்வுட் எட்டி. யேல் பல்கலைக்கழகத்தில் படித்த அவர் இங்கே வந்து தமிழ் கற்றார். அசரியாவும் எட்டியும் ஒருவரையொருவர் சமமாக நடத்திய நண்பர்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பந்தியில் உட்காருவதே அரிதாக இருந்த நாட்களில் இது சாதாரணமாகக் கிடைத்த நட்பன்று.

சுமார் பதினான்கு ஆண்டுகள் அசரியா தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். ஊர் ஊராகப் போய் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களைச் சந்திப்பது, வேதாகம வகுப்பு நடத்துவது, சொற்பொழிவு ஆற்றுவது, இளைஞர் சங்கங்களைக் கட்டுவது என்பதே அவர் வேலை. 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களில் கல்லூரிக் கல்வியைத் தொட்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த அம்மையார். வரதட்சணை வேண்டாம் என்று அசரியா உறுதியாக மறுத்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வட்டாரத்துக் கிறித்தவக் குடும்பங்களில் எத்தனை பேரால் இதைச் சொல்ல முடிகிறது என்பதை வாசகர்களின் எண்ணத்துக்கு விடுகிறோம்.

அன்றைய கல்லூரிகளில் படித்தவர்கள் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பிள்ளைகள்; அடுத்து, மிஷன் பள்ளிகளால் மேலே வந்த கிறித்தவ வீட்டுப் பிள்ளைகள். சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மாணவர் ஊழியம் என்பது ஏற்கெனவே படிக்கட்டில் ஏறியவர்களிடையே நடந்த ஊழியமாகவே இருந்தது. அந்த வட்டத்துக்குள்ளேயே அசரியா வாழ்ந்து முடித்திருந்தால் சென்னையில் நல்ல பேச்சாளர், பெரிய கட்டடத்தின் செயலாளர் என்ற பெயரோடு போயிருப்பார்.

அவரை அங்கிருந்து நகர்த்தியதில் யாழ்ப்பாணத்துக்குப் பங்கு உண்டு. 1902-இல் அங்கே போனபோது, தமிழ்க் கிறித்தவர்களே தங்கள் பணத்தைச் சேர்த்துத் தங்கள் ஆட்களை வெளியிடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்பி வருவதைக் கண்டார். திருநெல்வேலியில் அதைவிடப் பெரிய திருச்சபை இருந்தும், மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். ஊருக்குத் திரும்பியவர் நண்பர்களோடு சேர்ந்து 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். அந்நியப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. பனைத்தொழில் செய்யும் குடும்பங்களின் சிறுகாணிக்கையில் ஓடிய சங்கம் அது. 1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அசரியா முன்னால் நின்றார். சேலத்தில் பிறந்த கே.டி. பாலும் அதில் உடனிருந்தார். 1907-இல் டோக்கியோவில் கூடிய உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பின் மாநாட்டுக்கும் அசரியா சென்று வந்தார்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த களம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இளைஞர்களைப் போ, போ என்று மேடையில் சொல்கிறோமே, நாம் ஏன் போகவில்லை? 1909-இல் குருப்பட்டம் பெற்று, சென்னை வாழ்க்கையை விட்டுக் குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படித்தார். தொடக்க நாட்களில் தங்கியது கூடாரத்தில்.

அடுத்த ஆண்டு, 1910-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் ஒரு சிறு கைப்பிடி. அந்த மேடையில் அசரியா, வெள்ளை மிஷனெரிகள் இந்திய ஊழியர்களை வேலைக்காரர்களைப் போல நடத்துவதை முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் அந்த உரை முடிந்தது. அவையில் சிலர் முகம் சுளித்தனர். அந்த உரை இன்றைக்கும் உலகத் திருச்சபை வரலாற்றில் பேசப்படுகிறது. கருணை காட்டுகிறவர்களிடம் சமத்துவத்தைக் கேட்ட குரல் என்பதால் நமக்கும் அது நெருக்கமானது.

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று முயன்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஓர் இந்தியரின் கீழே ஆங்கிலேயர் எப்படி வேலை செய்வது என்பது அதில் முக்கியமான கேள்வி. எதிர்ப்பையும் மீறி 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அப்போது வயது முப்பத்தெட்டு.

அவருடைய மறைமாவட்டத்து மக்களில் மிகப் பெரும்பான்மையோர் மாலாக்களும் மாதிகாக்களும். நிலவுடைமையாளர்களான தொரைகளுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தவர்கள். ஊருக்கு வெளியே மாலபல்லி, மாதிககூடெம் என்று தனித்தனியாக ஒதுக்கப்பட்டவர்கள். நம் பக்கத்துச் சேரிகளுக்கும் அவற்றுக்கும் பெயரில்தான் வேறுபாடு. மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் அந்தச் சேரிகளுக்குள் போன பேராயரை மக்கள் கண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வாசற்படியில்கூட ஏற்றாத மக்களின் குடிசை முன்னால் ஒரு படித்த மனிதர் வந்து உட்கார்ந்து பேசுவது அவர்கள் அறியாத காட்சி.

அவர் நம்பியது கிராமத்து ஆசிரியர்களை. சேரிக்குள்ளேயே குடியிருந்து பாடம் சொல்லும் ஆசிரியர். பகலில் மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி. ஆசிரியரின் மனைவிக்கும் எழுத்தறிவு. அன்பு மரியம்மாள் பெண்களிடையே செய்த வேலை தனியாக எழுதத் தக்கது. இந்த ஆசிரியர்களிலிருந்தே குருக்கள் உருவானார்கள். 1930-களின் நடுவில் அந்த மறைமாவட்டத்தில் கிறித்தவர்கள் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தைத் தொடக்கூடாது என்று விலக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் பீடத்தில் நின்று வேதம் வாசித்தார்கள்.

அவரைத் திருவுருவாக்கி வணங்குவது நம் நோக்கமில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒரே திருச்சபைக்குள் வந்த பிறகும் அவர்களுக்குள் பிணக்கு தீரவில்லை. ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறச் செய்வதற்கே அவர் பாடுபட வேண்டியிருந்தது. குடியை விடு, செத்த மாட்டை உண்ணாதே என்று ஒழுக்கத்தை வலியுறுத்திய அளவுக்கு, நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழுப்பப்படவில்லை என்று இன்று நாம் சொல்லலாம். அரசியலிலும் அவர் வழி வேறு. 1932-இல் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதி தந்தபோது, அது வேண்டாம் என்றார். கிறித்தவர்கள் தனிக் கூட்டமாக ஒதுங்கிவிடக் கூடாது என்பது அவர் கருத்து. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி கேட்ட அம்பேத்கரின் வாதத்தை அறிந்த நமக்கு இங்கே கேள்விகள் உண்டு.

காந்தியாரோடு அவருக்கு நேர்ந்த மோதலில் நாம் அசரியாவின் பக்கம். தலித் மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியார் கடுமையாக எதிர்த்தார். 1936-இல் தம்மைச் சந்தித்த மாணவர் இயக்கத் தலைவர் ஜான் மோட்டிடம், இம்மக்களின் அறிவைப் பசுவின் அறிவோடு ஒப்பிட்டுப் பேசினார். ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் எது நல்லது என்று தெரியும், தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலைப்பாடு. மதம் மாறுவதா வேண்டாமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த முடிவை எடுக்க இம்மக்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்பதே இழிவு. அதை மறுத்து நின்றார் அசரியா.

அதற்கு முந்திய ஆண்டு, 1935-இல், இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அம்பேத்கர் அறிவித்திருந்தார். அசரியா அவரைச் சந்தித்தபோது, எங்கள் மக்கள் உங்களிடம் வந்தால் இத்தனை சபைகளில் எதில் சேருவது, எங்கும் ஒன்றாக இருக்க முடியுமா என்ற பொருளில் அம்பேத்கர் கேட்டதாகவும், அதற்கு அசரியாவிடம் விடை இல்லை என்றும் அவர் வாழ்க்கையை ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய சபை ஒற்றுமை மாநாட்டிலிருந்தே அவர் இதற்காக உழைத்து வந்தவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பிறந்தபோது அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் மறைந்தார். 1939-இல் அவர் அருட்பொழிவு செய்த பேராலயம், கோயிலையும் மசூதியையும் நினைவூட்டும் தூண்களோடும் கும்மட்டங்களோடும் இன்றும் அங்கே நிற்கிறது.

அம்பேத்கரின் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. சபைகள் இணைந்தன, சாதிகள் இணையவில்லை. நம் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. தேர் எந்தத் தெருவுக்குள் வரும் என்பதில் சண்டை நடந்த ஊர்கள் உண்டு. அரசும் தன் பங்குக்குக் கதவை அடைத்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்துகளைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். சபைக்குள் தலித்தாக நடத்தப்படுகிறவர், சட்டத்தின் முன் தலித் இல்லை என்று ஆகிவிடுகிறார்.

கல்லூரிகளில் ஜெபக் கூட்டம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். உங்கள் முன்னோடி மாணவர்களிடம் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிச் சேரிக்குப் போனவர். உங்கள் கூட்டத்தில் பாடுகிறவர் யார், பேசுகிறவர் யார், நாற்காலி எடுத்துப் போடுகிறவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டு என்றால் ஏன் என்று கேளுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், அடுத்த சபைக் கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள்.