ஏழுகிணற்று இராமலிங்கர்

இவ்வாண்டு நம் மாணவியருக்கு நடந்த மூன்று நாள் தியானத்தின் முடிவில், தனித்து அமர்ந்து செபிப்பதற்குத் தங்களுக்கு இடையூறாக இருப்பது எது என்று பெயர் குறிக்காமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னோம். தாள்களைப் பிரித்துப் பார்த்தோம். விசுவாசத்தில் ஐயம் என்று எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர்தாம். மற்றவர்கள் எழுதியவையெல்லாம் வேறு. வீட்டில் ஒரே அறை, தொலைக்காட்சி ஓயாது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வாசலில் நிற்கின்றன. கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது. தூக்கம் வராவிட்டால் கணக்குப் பரீட்சை நினைவுக்கு வருகிறது. பசிக்கிறது என்று ஒரே ஒரு சொல் மட்டும் எழுதப்பட்ட தாளும் ஒன்று இருந்தது.

அத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியபோது, நம் பகுதியிலேயே வளர்ந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார். கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் எனப் பெற்றோர் சிலர் கேட்கலாம். பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. மேலும், அவர் நம் அயலார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக இராமலிங்கர் பிறந்தார். ஆறாம் மாதத்திலேயே தந்தையை இழந்தார். தாய் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, முதலில் பொன்னேரிப் பக்கமுள்ள தம் பிறந்தகத்துக்கும், பின்னர் சென்னைக்கும் வந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடித்தனம் நடந்தது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பியும் படித்துத் தம்மைப் போல் பிழைக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதில் தவறென்ன? தம் ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே அனுப்பினார். பையனோ பாடத்தை விட்டுவிட்டுக் கந்தகோட்டத்தில் போய் நின்று பாடிக்கொண்டிருந்தான். அதைக் கண்ட ஆசிரியர், இவனுக்கு நான் கற்பிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி விலகிக்கொண்டதாக வரலாறு எழுதியோர் கூறுவர். அண்ணனுக்குக் கோபம் பொங்கியது. வீட்டில் இவனுக்குச் சோறும் துணியும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் பின்பக்கமாக அழைத்துச் சோறு போட்டு வந்தார்.

தந்தையின் திதி நாள் வந்தது. வீடு நிறைய விருந்தினர் அமர்ந்து உண்ண, சொந்தப் பிள்ளை ஒளிந்து வந்து உண்பதைக் கண்டு அண்ணி கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரைப் பையனால் தாங்க முடியவில்லை. வீட்டிலேயே இருந்து படிப்பதாக ஒப்புக்கொண்டு, மாடியில் தனக்கென ஓர் அறை கேட்டான். அறையில் அவன் கொண்டுபோய் வைத்தவை ஒரு நிலைக்கண்ணாடியும் ஒரு விளக்கும். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியின் எதிரில் அமர்ந்தான். அப்போது வயது ஒன்பது என்பர். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டதாக அவர் வரலாறு சொல்கிறது. அக்காட்சியைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அண்ணி அந்த அறையைப் பெற்றுத் தராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதைப் படிக்கும் தாய்மார்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

ஒருமுறை அண்ணனுக்கு உடல்நலமில்லாமல் போகவே, முத்தியாலுப்பேட்டையில் நடக்கவிருந்த சொற்பொழிவுக்கு இராமலிங்கரை அனுப்பினார்கள். இரண்டு பாடல் பாடிவிட்டு வந்தால் போதும் என்பது ஏற்பாடு. சிறுவரோ பெரிய புராணத்தில் நெடுநேரம் உரையாற்ற, அடுத்த நாளும் இவரே வர வேண்டும் என்று கூட்டத்தார் கேட்டுக்கொண்டனர். ஆயினும் அவர் அந்தத் தொழிலில் நிலைத்துவிடவில்லை. பன்னிரண்டாம் வயது முதல், சென்னையில் இருந்தவரை, திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போய் வருவதே அவர் வழக்கமாயிற்று. ஏறத்தாழ ஐந்து மைல் தூரம். இன்று ராயபுரமும் தண்டையார்பேட்டையும் பேருந்து நெரிசலோடு நிற்கும் அதே திசை. 1856-இல் ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டபோதும் அவர் இவ்வூரில்தான் இருந்தார். ஓரிரவு நேரங்கழித்துத் திரும்பியபோது கதவு அடைத்திருந்தது. பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு வடிவுடையம்மனே அண்ணியின் வடிவில் வந்து உணவளித்தாள் என்பது இன்றும் இப்பகுதியில் வழங்கும் செய்தி. உணவளித்த தெய்வம் அண்ணியின் முகத்தோடு வந்தது என்பது நம்மை நெகிழ வைக்கிறது.

செபத்தில் தடுமாறியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தப்பட்ட அவிலா நகர்ப் புனித தெரேசாள்கூடப் பல ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் தியானத்தில் அமர அஞ்சினார். மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக அவரே எழுதி வைத்தார்.

1850-இல் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையின் மகளை இராமலிங்கர் மணந்தார்; இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை. அந்தப் பெண்ணின் மனநிலையைப் பற்றி நூல்கள் அதிகம் பேசாதது நமக்கு ஒரு குறையே. 1858-ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் புறப்பட்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார்.

தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அவர் வகுத்துத் தந்த அன்றாட ஒழுக்கத்தில் மேகத்தில் மிதக்கும் பேச்சு இல்லை. விடியுமுன் எழுவது, பல் துலக்குவது, கரிசலாங்கண்ணியின் பயன், உணவின் அளவு, உறக்கத்தின் அளவு, இவற்றோடு சேர்ந்ததாகவே இறை சிந்தனையையும் அவர் வைத்தார். பசியைப் பற்றி எழுதியபோதுதான் அவர் எழுத்து எரிந்தது. பசித்தவனின் அறிவு மயங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, கண் குழிகிறது என்று ஒரு மருத்துவரைப் போல வரிசைப்படுத்தினார். மாடி அறையும் திண்ணையும் கண்டவர் அல்லவா? பசித்தவனிடம் கடவுளை நினை என்று சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

ஆகவே அவர் முதலில் கட்டியது தியான மண்டபம் அன்று. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி சமயம் கேளாமல் வருவோர்க்கெல்லாம் உணவு. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. அதற்குப் பிறகே, 1872 சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று, எண்கோண வடிவான சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே விளக்கின் முன் ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. உள்ளே ஒளி எப்போதும் இருக்கிறது, மறைப்பவை நம் அறியாமைத் திரைகளே என்பது அதன் கருத்து. தைப்பூசத்தில் ஏழும் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

பசிக்கிறது என்று எழுதிய மாணவி யார் என்று நாம் தேடவில்லை. இப்போது காலை செபத்துக்கு அரை மணி முன்பே சமையற்கட்டில் ஒரு பானைக் கஞ்சியும் துவையலும் தயாராக இருக்கின்றன. வந்து குடிப்பவர்களின் பெயரை எவரும் குறித்து வைப்பதில்லை. மாடியில் நூலகத்தை ஒட்டிய சிறு அறையின் சாவி வாசற்காவலரிடம் இருக்கிறது. மாலை ஐந்தரை வரை யாரும் கேட்டு வாங்கலாம்.