சங்கீர்த்தனம் வளர்த்த சைதன்யர்

ஒருவர் நாமத்தை எடுத்துக்கொடுக்க மற்றையோர் அதையே திருப்பிப் பாடும் பஜனையை நாம் சிறுபிராயந்தொட்டு அறிவோம். அம்முறையை வீதிக்குக் கொணர்ந்து வங்க நாட்டையே பாடவைத்த மகான் ஸ்ரீ கிருஷ்ண சைதன்யர். நம்மிற் பெரும்பாலார் சைவராயினும், அவர் சரிதம் நாம் அறியவேண்டியதொன்றாகும்.

கங்கைக் கரையிலுள்ள நவத்வீபத்தில், 1486ஆம் ஆண்டு, ஜகந்நாத மிசிரருக்கும் சசிதேவிக்கும் மைந்தராகத் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் விசுவம்பரர். அன்று சந்திரகிரகணம், ஊரவர் கங்கையில் நின்று ஹரிநாமம் சொல்லிக்கொண்டிருந்தனர் என்பர். இளவயதிலேயே இலக்கண பண்டிதராகிப் பாடசாலை நடத்தினார். வாதத்தில் எவரையும் விட்டுவைக்காதவர். அக்காலத்தில் அவருக்குக் கல்விச் செருக்கு இருந்ததை, சரிதம் எழுதிய அடியார்களே ஒளியாமற் கூறுகின்றனர்.

தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் கயைக்குச் சென்றவர், அங்கே ஈசுவரபுரியாரிடம் உபதேசம் பெற்று வேறு மனிதராய்த் திரும்பினார். எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் கண்ணனே பொருளாகத் தோன்றியது. ஈற்றில் ஏடுகளைக் கட்டிவைத்துவிட்டு, மாணாக்கருக்குக் கைதட்டிப் பாடக் கற்றுக்கொடுத்தார்.

தொடக்கத்திற் சங்கீர்த்தனம் ஸ்ரீவாசர் வீட்டு முற்றத்திலே, இரவில், கதவைத் தாளிட்டுக்கொண்டு நடந்தது. பின்னர் வீடுதோறும் பரவவே, சிலர் முறையிட, ஊர்க் காஜியார் மத்தளத்தை உடைத்துத் தடைவிதித்தார். சைதன்யர் மீண்டும் கதவை மூடிக்கொள்ளவில்லை. ஒரு மாலை தீவட்டிகளுடன் பெருங்கூட்டம் பாடிக்கொண்டே காஜியாரின் வாயிலை அடைந்தது. கூட்டத்திற் சிலர் அவருடைய தோட்டத்தைச் சிதைத்ததையும் நூல்கள் மறைக்கவில்லை. சைதன்யரோ அவரோடு அமர்ந்து அமைதியாகப் பேசினார், தடை நீங்கியது.

எழுத்தறியாதவனும் கேட்ட அடியைத் திருப்பிச் சொல்லலாம். அவன் சொல்லாவிடின் பாட்டே நின்றுவிடும். இன்று சில இடங்களில் ஒலிபெருக்கி முன்னே ஒருவர் பாட, நாம் கேட்டிருந்துவிட்டுக் கலைகின்றோம். அது கச்சேரியேயன்றிச் சங்கீர்த்தனமன்று. சைதன்யர் வழிவந்த பக்திவேதாந்த சுவாமிகள் 1966இல் நியூயோர்க் நகரப் பூங்காவொன்றிற் பாடத் தொடங்கியபோது, மொழியறியாத இளைஞரும் உடன்பாட முடிந்தது இம்முறையாலன்றோ!

1510இல் கேசவபாரதியாரிடம் துறவு பூண்டார். மூத்த மகனும் முன்னரே துறவியாய்ப் போய்விட்ட வீடு அது. அன்னையையும் இளம் மனைவி விஷ்ணுப்பிரியையையும் நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் கனக்கவே செய்கின்றது. அன்னையின் விருப்பப்படி, செய்தி வந்துசேரக்கூடிய தூரத்திலுள்ள பூரியை உறைவிடமாகக் கொண்டார். இடையிலே தென்னாட்டு யாத்திரையில் ஸ்ரீரங்கத்தில் நான்கு மாதம் தங்கினார்.

பூரியிலே அவருக்கு மிக நெருங்கியவர்களுள் ஒருவர் ஹரிதாசர். முஸ்லிம் குடும்பத்திற் பிறந்து, நாமம் சொன்னதற்காகச் சந்தைதோறும் கசையடி பட்டவர். ஜகந்நாதர் ஆலயத்துள் அவர் செல்வதில்லை. சைதன்யரே நாள்தோறும் அவர் குடிலைத் தேடிச் சென்றார். ஹரிதாசர் மறைந்தபோது, அவ்வுடலைத் தம் கைகளில் ஏந்தி ஆடினார். கடற்கரைக்குக் கொண்டுசென்று நீராட்டி, தம் கையாலேயே மணலிட்டு மூடினார். பின்னர் கோயில் வாயிற் கடைகளின் முன்னே மேலாடையை விரித்து, ஹரிதாசருக்காக அடியார்க்கு அன்னமிடப் பிச்சை கேட்டு நின்றார்.