கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும்!
(நூலகத் தந்தை சீர்காழி அரங்கநாதனின் வாழ்க்கை)

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதிலே ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் போர்க்களம் கண்ட மன்னருமல்லர். மேடையிலே முழங்கிய தலைவருமல்லர். சிறு வயதில் பேச வாயெடுத்தாலே திக்கியவர். ஆனால் ஒருவன் தன் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், கேட்டவனுக்கு மற்றவன் எப்படி உதவ வேண்டும் என்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர்தாம் சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன். உலகம் அவரை எஸ். ஆர். ரங்கநாதன் என்று அறியும்.

இவரை ஏன் இப்போது நினைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நம் பீடோர்ப் பிள்ளைகள் இன்று தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று படிப்புக்கும் வேலைக்கும் போகிறார்கள். அங்கே கணினியிலே தரவுத்தளம் என்று ஒன்று. அதனிடம் விவரம் கேட்க எஸ்.கியூ.எல். என்று ஒரு மொழி. கேள்வி எழுத வரவில்லை, யாரிடம் கேட்பது, கேட்டால் சிரிப்பாங்களோ என்று பல பிள்ளைகள் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெம்பு தரும் வாழ்க்கை இது.

சீர்காழிச் சிறுவன்

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் அரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதிருக்கும்போதே தந்தையை இழந்தார். உள்ளூரிலே உயர்நிலைப் பள்ளிப் படிப்பு. திக்குவாய் ஒருபுறம், உடல்நலக் குறைவு மறுபுறம். இருந்தும் படிப்பை விடவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் பி.ஏ. பட்டமும், 1916இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்குக் குருவாக வாய்த்தார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார்.

மாணவச் செல்வங்களே, கவனியுங்கள்! பேச்சு திக்கியவர், பேசியே பிழைக்கும் ஆசிரியர் தொழிலுக்குப் போனார். குறையைக் காரணம் காட்டி ஒதுங்கவில்லை. பழகப் பழகத் திக்குதலை வென்றார்.

வேண்டாத வேலை, விரும்பிய வேலை

1924 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆசிரியர் சம்பளம் அந்நாளில் குறைவு; நூலகர் சம்பளம் கூடுதல். நண்பர்கள் தூண்டவே மனு போட்டார், வேலை கிடைத்தது. ஆனால் போய் உட்கார்ந்த சில நாளிலேயே அலுத்துவிட்டது. மாணவர் நிறைந்த வகுப்பறை எங்கே, ஆளரவமில்லாத புத்தக அறை எங்கே! பழைய வேலைக்கே அனுப்புங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டன் போய் இத்தொழிலைக் கற்று வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

அதே ஆண்டில் கப்பலேறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகக் கல்வி. கிராய்டன் நகர நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசான். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். அங்கே கூலித் தொழிலாளியும், குழந்தையும், வீட்டுப் பெண்மணியும் நூலகத்திற்குள் உரிமையோடு நுழைவதைக் கண்டார். வேண்டாத வேலை அன்றே அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது.

ஒரு நாள் லண்டன் கடையொன்றிலே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில தகடு, சில சக்கரம், சில கம்பி, கொஞ்சம் திருகாணி. அவ்வளவுதான். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். அவருடைய கணித மூளையிலே பொறி தட்டியது. உலகிலுள்ள பாடங்கள் அத்தனைக்கும் முன்கூட்டியே பட்டியல் போட்டு எண் கொடுப்பதேன்? பாடத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து வைத்தால், வேண்டியபோது வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே! அப்படிப் பூட்டுவதற்குத் திருகாணியாக அவர் வைத்தது கோலன் என்னும் முக்காற்புள்ளி. ஊர் திரும்பும் கப்பலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். 1933இல் கோலன் பகுப்புமுறை நூலாக வெளிவந்தது.

இதை நம்ம ஊர்க் கணக்கிலே சொல்லிப் பார்ப்போம். பேராக்கில் 1950களில் ரப்பர் மர நோயை எப்படித் தடுத்தார்கள் என்று ஒருவர் நூல் தேடுகிறார். எதைப் பற்றி? ரப்பர் மரம். அதில் என்ன சங்கதி? நோய். என்ன செய்தார்கள்? தடுத்தார்கள். எங்கே? பேராக். எப்போது? 1950கள். ஒரு மொத்தக் கேள்வி இப்படித் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய நூலகமானாலும் வழி தெரிந்துவிடும்.

ஐந்து விதிகள்

1925இல் சென்னை திரும்பியவர் ஓயவில்லை. பூட்டி வைத்த அலமாரிகளைத் திறந்தார்; வாசகர் தாமே கையால் எடுத்துப் பார்க்க வழி செய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, படிப்பதற்கே. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவையே அவற்றின் சாரம். கேட்பதற்கு எளிது, நடத்திக் காட்டுவதோ கடினம்.

இரண்டாம் விதியைச் சற்று ஆழ்ந்து பாருங்கள். வாசகர் ஒவ்வொருவருக்கும் என்றால் படி ஏறி வந்தவருக்கு மட்டுந்தானா? வராதவர் என்ன ஆவது? வயலிலே நிற்பவர், வண்டிக்குக் காசில்லாதவர், படிக்கலாம் என்றே தெரியாதவர்? நூலகப் பதிவேட்டைப் புரட்டினால் வந்தவர் பெயர்தான் இருக்கும். வராதவர் பெயர் அதிலே இருக்காது. இந்தச் சிந்தனை பரவிய அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகை மாட்டுவண்டியிலே புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வராதவரைத் தேடி நூலகமே போயிற்று!

வாசகருக்கு உதவுவதையும் அரங்கநாதன் ஒரு கலையாகவே வளர்த்தார். வருகிறவர் பெரும்பாலும் தமக்கு வேண்டியதை அப்படியே கேட்பதில்லை. விவசாயப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார்; அவருக்கு வேண்டியதோ எலுமிச்சைச் செடியில் விழும் பூச்சிக்கு மருந்து. பொறுமையாக நாலு வார்த்தை பேசி, உள்ளே இருக்கும் கேள்வியை வெளியே கொண்டுவருவதுதான் உதவி. கேட்டவரைப் பார்த்து முகஞ்சுளிப்பது உதவியாகாது.

இருபது ஆண்டு சென்னையில் உழைத்தார். 1945 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகம். பிறகு டில்லிப் பல்கலைக்கழகம். 1948இல் கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் அவர்கள் காலத்தில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அதற்கு வித்திட்டவர் அரங்கநாதனே. 1957இல் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வாரிக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர நூலகவியல் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். அதே ஆண்டு பத்மஸ்ரீ விருது. 1962இல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆய்வு, பயிற்சி மையம் கண்டார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற உயர்ந்த தகுதி. 1972 செப்டம்பர் 27ஆம் நாள், எண்பது வயதில் பெங்களூரிலே அமரரானார்.

கணினியிடம் கேட்பது எப்படி?

அவர் மறைவதற்கு இரண்டாண்டு முன்பு, 1970இல், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்த எட்கர் காட் என்னும் கணித அறிஞர், விவரங்களை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் முறையை வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் இருவரும் அவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை வெளியிட்டார்கள். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல். அரங்கநாதன் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் கேள்வியைக் கூறு கூறாகப் பிரி என்ற அவருடைய பாடம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

தோட்டத்துச் செக்ரோல் உங்களுக்குத் தெரியும். கிராணி ஐயா பெரட்டு எடுத்து, யார் வந்தார், எத்தனை கிலோ பால் என்று தினமும் எழுதுவார். அதைக் கணினியில் இரண்டு அட்டவணையாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பேரேடு: ஆள் எண், பெயர், டிவிஷன். மற்றொன்று நாளேடு: ஆள் எண், தேதி, கிலோ. இரண்டையும் இணைக்கும் கயிறு ஆள் எண்.

மார்ச் மாதத்தில் இருபது நாளுக்குக் குறையாமல் வேலை செய்த இரண்டாம் டிவிஷன் ஆட்கள் யார்? மொத்தமாகப் பார்த்தால் மலைப்பு. பிரித்துப் பாருங்கள். எது வேண்டும்? பெயர். எந்த ஏடு? இரண்டும். எந்த டிவிஷன்? இரண்டு. எந்த மாதம்? மார்ச். எதைக் கூட்ட வேண்டும்? ஆளுக்கு எத்தனை நாள் என்பதை. எந்த அளவுக்கு மேல்? இருபதும் அதற்கு மேலும். இவ்வளவையும் தமிழிலே எழுதிவிட்டால் எஸ்.கியூ.எல். பாதி எழுதியாயிற்று. செலக்ட், ஃப்ரம், வேர், குரூப் பை, ஹேவிங் என்ற சொற்கள் இந்தத் துண்டுகளுக்கு வைத்த பெயர்களே.

இனி ஒரு கண்ணி. மார்ச்சில் ஒரு நாள்கூட வேலைக்கு வராதவர் யார் என்று நாளேட்டை மட்டும் கேட்டால், பதில் வரவே வராது. ஏன்? வராதவருக்கு அதிலே வரியே இல்லையே! பேரேட்டிலிருந்து தொடங்கி, நாளேட்டில் யாருக்கு வரி இல்லை என்று பார்க்க வேண்டும். நோயில் படுத்தவரோ, பிரசவத்திற்குப் போனவரோ, உதவி தேவைப்படுகிற ஆள் அங்கேதான் இருப்பார். மாட்டுவண்டி தேடிப்போனதும் இப்படிப்பட்டவரைத்தானே!

ஆகவே பிள்ளைகளே, உதவி கேட்கும்போது வரலேங்க, ஓடலேங்க என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். நான்கு செய்தி சொல்லுங்கள். எந்தெந்த அட்டவணை, அதிலே என்னென்ன பத்தி இருக்கிறது? எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் எழுதிப் பார்த்தது எது? அதற்கு என்ன பதில் வந்தது? ஐந்தாறு வரி மாதிரிக் கணக்கும் சேர்த்துக் காட்டினால், உதவுகிறவர் வேலை எளிதாகிவிடும். வாசகர் நேரத்தை வீணாக்காதே என்ற விதி, உதவுகிறவர் நேரத்துக்கும் பொருந்துமல்லவா? நிஜ ஆட்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மட்டும் வெளியாரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று கணினியே கேள்வியை எழுதித் தரும் வசதியும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தப்பான கேள்விக்கும் அது கூசாமல் ஒரு பதிலைத் தந்துவிடும். பத்து வரியைக் கையால் கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

பெற்றோர்களே! நம் முன்னோர் காலத்தில் செக்ரோலை எழுதியவர் ஒருவர், அதை நம்பிச் சம்பளம் வாங்கியவர் வேறொருவர். ஏட்டைப் படித்து, என் பேருக்கு எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் சிலரே. கேட்கத் தெரியாததாலே இழந்தது கொஞ்சமல்ல. இன்று ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. ஏடும் கணினிக்குள் போய்விட்டது. அதனிடம் கேள்வி கேட்கும் திறமை நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் வரவேண்டும். உங்க புள்ள ஓயாமல் கேள்வி கேட்டால், சும்மா இருடா என்று அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால், வாடா யாரிடமாவது கேட்போம் என்று கூட்டிப்போங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு நம் வாழ்த்து. பரிசு வாங்காதவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: வாய் திக்கினாலும் பரவாயில்லை, கேளுங்கள். நாளை உங்களிடம் ஒரு தம்பியோ தங்கையோ கேட்க வரும்போது, முகஞ்சுளிக்காமல் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். சீர்காழிப் பெரியவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

வாழ்க கல்வி! வளர்க நம் பிள்ளைகள்!